சாக்கா, திடலா

எங்கள் தோட்டத்துப் பெரிய வாத்தியாரை நல்லவர் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈப்போவில் ஏதாவது கல்யாண வீட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் அவர் பேச்சு வந்துவிடும். "அந்த மாதிரி ஆளு இனிமே பொறக்கணும்லா" என்பார்கள். நான் எழுந்து பந்திக்குப் போய்விடுவேன். அவர் நல்லவர்தான், எனக்கும் தெரியும். பன்னிரண்டு வயதில் என் படிப்பை நிறுத்திய கடிதத்தை எழுதியவரும் அவர்தான். அதை யாரும் பேசுவதில்லை. நான் எழுதிவிடுகிறேன்.

சிலிம் ரிவரிலிருந்து ஏழு கட்டை, அதாவது ஏழு மைல், உள்ளே போனால் எங்கள் தோட்டம். பள்ளிக்கூடம் என்பது பலகைச் சுவர் வைத்த ஒரே கூடம். நடுவில் இரண்டு கரும்பலகைகளை நிறுத்தி அதை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வாத்தியார்களும் இரண்டே பேர். பெரிய வகுப்புகளைச் சின்ன வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியரான இவர் ஒன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டார். மூக்கு ஒழுகும், கால்சட்டை நனையும், அழுகை நிற்காது. இவருக்கு அந்தப் பிள்ளைகள்தான் வேண்டும். "பெருசுங்களுக்குச் சொல்லிக் குடுத்துப் பிரயோசனம் இல்ல, ஏற்கெனவே கெட்டுப் போயிருக்கும்" என்பார்.

முதல் மாதம் அவர் எழுத்தே சொல்லித்தர மாட்டார். வகுப்பு வாசலில் ஒரு பழைய அரிசிச் சாக்கு வாய் திறந்து கிடக்கும். வாசலுக்கு வெளியே திடல். "உலகத்துல ரெண்டே வக. ஒண்ணு சாமான். இன்னொண்ணு செய்கை. சாமான்னா எடுத்துச் சாக்குல போடு. செய்கைன்னா திடல்ல போயி செஞ்சு காட்டு." இதுதான் பாடம். அவர் ஒரு சொல்லைச் சொல்வார். மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தைத் தேடி எடுத்துச் சாக்கில் போட வேண்டும். நொண்டி அடிப்பது என்றால் திடலில் நொண்டி அடிக்க வேண்டும். செருப்பு, கல், சீப்பு, தும்மல், தாவல், துடைப்பம். "சாக்கா, திடலா?" என்று அவர் கத்தினால் முப்பது பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடும். தப்பான பக்கம் ஓடியவனுக்குக் கெண்டைக்காலில் பிரம்பால் ஒன்று. வலிக்காது. ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

நானும் ஓடியவள்தான். எனக்கு அந்த விளையாட்டு உயிர். ஒருநாள் கேட்டேன், "சார், லாரி சாக்குக்குள்ள போகாதே?"

"பெருசா தச்சா போகும்."

"யாரு சார் தைப்பா?"

"உங்கப்பன் தைப்பான். உக்காரு."

மழை பெய்த ஒரு காலை வகுப்பு முழுவதையும் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கையில் ஒரு தகரக் குவளை. தண்ணீர் பிடித்து எங்களிடம் காட்டினார். "இது என்னா?" "தண்ணி சார்." "சாமானா?" "சாமான் சார்." மேலே கை காட்டினார். "விழுறது?" "செய்கை சார்." எல்லோரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். மறுநாள் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஆனால் அந்தப் பாடத்தை மறந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொரு நாள் "பசி" என்றார். நாங்கள் முழித்தோம். ஒருத்தன் மட்டும் சாக்குப் பக்கம் போய் வெறும் கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான். வாத்தியார் அவன் பக்கம் குனிந்தார். "காலையில சாப்பிட்டியாடா?" அவன் இல்லை என்று தலையாட்டினான். தன் மேசையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தார். "ரொட்டி சாமான். திங்கிறது செய்கை. தின்னு." பசி எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லவில்லை. கேட்டதற்கு, "தின்னா போயிரும், அத ஏன் கணக்குல சேக்கணும்?" என்றார்.

பெரியவர்களையும் அவர் விட்டதில்லை. திருவிழாக் கூட்டத்தில் மண்டோர் எழுந்து, "எங்க நெரைக்காரங்க முழு ஒத்துழைப்பும் உண்டு" என்று பேசி உட்கார்ந்தார். மண்டோர் என்றால் நெரையில், அதாவது மர வரிசையில், வேலை செய்கிற எங்களை மேய்க்கிற ஆள். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

"ஒத்துழைப்பு சாக்கா, திடலாண்ணே?" என்றார் வாத்தியார்.

"என்னா வாத்தியாரே சொல்றீங்க?"

"சாக்குன்னா இப்பக் கொண்டாந்து வைங்க. திடல்னா நாளைக்குப் பந்தக்கால் நட வாங்க."

கூட்டம் சிரித்தது. மறுநாள் மண்டோர் கடப்பாரையோடு வந்து நின்றார். தோட்டமே இதைப் பல வருடம் பேசியது.

அவருக்கு வாய்ச்சொல் ஆகாது. வகுப்பில் ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டு "மன்னிச்சிருடா" என்றால் விடமாட்டார். "அது சாக்குலயும் இல்ல, திடல்லயும் இல்ல. வாயில வந்து காத்துல போயிரும். போ, அவன் சிலேட்டக் கழுவிக் கொண்டா." அவனும் கழுவிக்கொண்டு வருவான். அதோடு சண்டை முடிந்தது. அவருக்கு நன்றி சொன்னாலும் இதே கதிதான். "நன்றிய நீயே வச்சிக்க, அந்த நாற்காலியத் தூக்கி உள்ள வை."

என் அப்பா செத்தபோது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். வருடக் கடைசி, காற்றும் மழையுமான நேரம். நெரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் மேல் கிளை முறிந்து விழுந்தது. வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எல்லாம் ஏதேதோ சொன்னார்கள். விதி என்றார்கள், கடவுள் இருக்கிறார் என்றார்கள். பெரிய வாத்தியார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீளக் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கோடாலி வாங்கி, கொல்லையில் பொழுது சாயும்வரை விறகு பிளந்தார். அம்மா ஒரு மாதத்துக்கு எரித்தாள். அன்றைக்கு அவரைவிடப் பெரிய மனிதர் எனக்கு உலகத்தில் இல்லை. இதையும் எழுதாவிட்டால் நான் பொய் எழுதியவள் ஆவேன்.

தோட்டத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இருக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், வாசலில் வாழை வைக்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒரு பேர் வேலைப் பதிவில் இருக்க வேண்டும். பேர் இல்லை என்றால் வீடு இல்லை. என் அம்மா பேர் ஏற்கெனவே போய்விட்டது. பால் உறைய வைக்கிற ஆசிட் தெறித்து ஒரு கண் அவிந்து, மறு கண்ணும் மங்கி, ஆகாதவள் என்று எடுத்துவிட்டார்கள். அப்பா பேரில்தான் வீடு நின்றது. பதினாறாம் நாள் முடிந்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வந்தார்.

"இந்தாம்மா, துரை கேக்குறாரு. வீட்டுக்கு ஒரு பேர் வேணும். ஒரு மாசம் டைம் தாரேன், அதுக்கு மேல எங்கையில இல்லலா."

"எங்க போவேன் ஐயா, ரெண்டு பொட்டப்புள்ளய வச்சுக்கிட்டு?"

"பெரியவ இருக்காளே. பதினாலு ஆயிருந்தா பேர் போட்டுக்கலாம்."

"பன்னெண்டுதான் ஐயா."

கிராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொறந்த பத்திரம் இருக்கா?" இல்லை. கறையான் தின்று பல வருடம். "அப்ப என்னா? பள்ளிக்கூடத்துல பதினாலுன்னு எழுதி வாங்கிட்டு வா. பெரிய வாத்தியார் கையெழுத்துன்னா துரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எனக்கு ஜனவரியில் சிலிம் ரிவர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் மொழியில் தேறுவதற்கு அங்கே ஒரு வருடம் உட்கார வேண்டும். ஈப்போவில் இருந்த மாமன் மகளின் பழைய நீலப் பள்ளி உடுப்பை வாங்கி, அப்பா உயிரோடு இருந்தபோதே துவைத்து மடித்து வைத்திருந்தேன். தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீடு. அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. எனக்கு நம்பிக்கை இருந்தது. இவர் பொய் எழுத மாட்டார், பதிவேட்டில் பன்னிரண்டு என்று இவர் கையால்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"நான் புகுமுக வகுப்புக்குப் போறேன் சார்" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "படிப்பு செய்கை புள்ள. அத எப்ப வேணாலும் செஞ்சுக்கலாம். வீடு சாமான். கைய விட்டுப் போனா போனதுதான்."

உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தார். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினான்கு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். அம்மா காலில் விழப் போனாள். "அதெல்லாம் வேணாம். புள்ளைக்கு நல்ல கத்தியாப் பாத்து வாங்கிக் குடு" என்றார். மறுநாள் அவரே எங்கள் வாசலுக்கு வந்து கத்தி தீட்டும் கல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். நல்ல கல். இன்றும் என் அடுப்படியில் இருக்கிறது.

நான் வெட்டப் போனேன். விடியுமுன் ஆள் எண்ணுகிற பெரட்டில் நின்று பேர் கொடுத்து, இருட்டோடு இருட்டாக நெரைக்குப் போய், கொசுக்கடியில் வெட்டி, வெயில் ஏறியதும் பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு. முதல் ஒரு மாதம் வாளி என்னைத் தூக்கியதா நான் வாளியைத் தூக்கினேனா என்று தெரியாது. வெட்டுக்காட்டுக்குப் பழைய துணிதான் போட வேண்டும், பால் பட்டால் கறை போகாது. என்னிடம் கிழிந்தது இரண்டும் அந்த நீல உடுப்பும்தான் இருந்தன. கிழிந்தது முழுக்கப் போன பிறகு நீலத்தைப் போட்டேன். மூன்று மாதத்தில் அது முன்பக்கம் முழுக்க ஒட்டுப்பால் பிடித்துத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வருடம் என் தங்கை ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். அதே வாத்தியார், அதே சாக்கு.

ஸ்டோருக்குப் போகிற வழி பள்ளித் திடலை ஒட்டித்தான் போகும். ஒருநாள் நான் வாளிகளோடு வந்தபோது திடல் நடுவில் தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் சாக்கைச் சுற்றி நின்று சிரித்தன. அவள் இடுப்பை வளைத்து, கையில் இல்லாத கத்தியைப் பிடித்து, முன்னால் இல்லாத மரத்தைச் சுற்றிச் சாய்வாக வெட்டினாள். ஒட்டுப்பாலை உரித்து இடுப்பில் செருகினாள். மங்கைத் துடைத்து வைத்தாள். அடுத்த மரத்துக்குப் போனாள். நான் வெட்டுவதை அவள் ஒருநாள்தான் பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட விடவில்லை.

"இது என்னா பாப்பா?" வாத்தியாருக்கும் சிரிப்பு. "நான் என்னா சொன்னேன்? நீ என்னா செய்ற?"

"வீடு சார்."

"இது மரம் வெட்டுறது."

"இல்ல சார், வீடு. அக்கா வெட்டுனாத்தான் வீடு. வெட்டலன்னா வீடு இல்லன்னு அம்மா சொன்னாங்க."

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தவில்லை. அவற்றுக்கு என்ன தெரியும். வாத்தியாரின் முகத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் பாதையில் என்னைப் பார்த்தார். என் உடுப்பையும் பார்த்தார். அந்த நீலம் எந்தப் பள்ளிக்கூட நீலம் என்று அவருக்குத் தெரியாதா?

அவர் நினைத்திருந்தால் அங்கே அதை நிறுத்தியிருக்கலாம். "வீடு சாமான்" என்றார். "சாக்குப் பக்கம் போ." அவள் அசையவில்லை. சரியாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பில் நின்றாள். கெண்டைக்காலில் பிரம்பு ஒன்று விழுந்தது.

நான் காண்டாவை இறக்கி வைத்தேன். "அவ செஞ்சது சரி சார். எழுதிக் குடுத்தவரு நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

அந்தத் தோட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசிய பிள்ளை நான் ஒருத்திதான். அவர் பிரம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"பால் உறைஞ்சிரும். போ புள்ள."

பால் உறைந்துவிடும் என்பது உண்மை. உறைந்தால் அன்றைய பேரும் கூலியும் போய்விடும். நான் குனிந்து காண்டாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட இவ்வளவு வருடம் வலித்திருக்காது.

அதற்குப் பிறகு அவர் எந்த வருடமும் ஒன்றாம் வகுப்பில் "வீடு" என்ற சொல்லைக் கேட்டதில்லையாம். தங்கைதான் சொன்னாள். பெரிய விஷயம் போலச் சொன்னாள். "பாவம்கா அவரு, மனசுல பட்டுருச்சு." மனதில் பட்டால் வாயில் வரக்கூடாதா? பாடத்திலிருந்து ஒரு சொல்லை உருவிப் போட்டுவிட்டு, மற்ற சொற்களை வைத்து அதே சாக்கு, அதே திடல் என்று ஓட்டியவர் அவர்.

அம்மாவோடு இதற்காக நான் போடாத சண்டை இல்லை. "அந்த மனுசன் எழுதிக் குடுக்கலன்னா நாம ரோட்டுல நின்னுருப்போம்டி. உன் தங்கச்சி படிச்சிருப்பாளா?" என்பாள். அதுவும் சரி. தங்கை இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தாள். என்னிடம் பதில் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. பதில் இல்லாததால்தான் இவ்வளவு கோபம்.

அந்த வீடு ஏழு வருடம் நின்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. ரப்பரைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போடப்போகிறார்கள் என்றார்கள். லயங்களைக் காலி பண்ணச் சொல்லித் தாள் வந்தது. லாரியில் பெட்டி ஏறியது, கட்டில் ஏறியது, அம்மியும் ஏறியது. வீடு ஏறவில்லை. நாங்கள் போன மறுவாரம் இடித்துவிட்டார்கள். வாத்தியார் சொன்ன சாமான் இருபது நிமிடத்தில் மண்ணாகிவிட்டதாம். என் மணிக்கட்டில் வெட்டு வலி மட்டும் இன்னும் இருக்கிறது. அது சாக்கா, திடலா?

ஈப்போவுக்கு வந்து லகாட் பக்கம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா அங்கேதான் செத்தாள். எனக்கு ஒரு இடைநிலைப்பள்ளியில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. பன்னிரண்டு வயதில் போக வேண்டிய இடத்துக்கு இருபது வயதில் துடைப்பத்தோடு போனேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஈப்போ பஸ் நிலையத்தில். எண்பதுகள் முடியப்போகிற நேரம். சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு லகாட் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை பெரிதாகிவிட்டது, ஆள் சின்னதாகிவிட்டார்.

"சார்."

"யாரு?"

"ஏழாங்கட்டத் தோட்டம் சார். கண்ணு தெரியாத ராக்கம்மா மக. பெரியவ."

"மரம் வெட்டப் போன புள்ள."

"நீங்க அனுப்புன புள்ள."

தலையாட்டினார். "அம்மா?"

"செத்துட்டாங்க."

"வீடு?"

"அத இடிச்சு எத்தன வருசம் ஆச்சு சார்."

அவருக்குத் தெரிந்திருக்கும். சும்மா கேட்டார். நான் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இவரை இனிமேல் பார்க்க மாட்டேன் என்று தோன்றியது.

"சார், எனக்குப் பன்னெண்டு வயசுன்னு தெரிஞ்சுதான எழுதுனீங்க?"

"தெரியும்."

"அப்ப ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

"எழுதலன்னா மூணு பேரும் எங்க போயிருப்பீங்க?"

"அது எனக்கும் தெரியும். வீட்டப் பத்தி நான் கேக்கல. உனக்குச் செஞ்சது தப்பு புள்ளன்னு ஒரு வார்த்த. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் வாய் திறந்தது. நான் காத்திருந்தேன். பக்கத்தில் நாசி லெமாக் சோறு விற்கிற பெண்கூட எங்களைப் பார்த்தாள். பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. எழுந்து நின்று கையை நீட்டினார்.

"பையக் குடு. கனமா இருக்கு. பஸ்ஸுல வச்சுத் தாரேன்."

"வேணாம் சார். சொல்லுங்க."

"குடு புள்ள."

அவர் இழுத்தார், நான் விடவில்லை. பையின் காது அறுந்தது. வெங்காயம் சிமெண்ட் தரையெல்லாம் உருண்டது, பெஞ்சுக்கு அடியில், பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில். அவர் முட்டியை ஊன்றி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, சட்டையில் துடைத்து, பைக்குள் போட்டார். பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினார். போகிறவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள், கிழவனைக் குனிய விட்டு நிற்கிறாளே என்று. நான் குனியவில்லை. விறகு பிளந்த அதே கைகள் என்று எனக்குத் தெரிந்தது. அப்படியும் குனியவில்லை.

லகாட் பஸ் வந்தது. பையின் வாயை முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார். சன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தேன். வெங்காயம் ஒன்றுகூடக் குறையவில்லை.